ஏழாம் மாடிப் பட்டன்

ஒரு ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள அவனோடு பேசிப் பழகவே வேண்டாம், லிஃப்ட் முன்னால் நிற்க வைத்துப் பார்த்தால் போதும் என்பது மெக்கானிக்கின் கட்சி. பதினாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் நம்பத் தகுந்தவன். இரண்டு தடவை அழுத்துகிறவன் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. மூன்றுக்கு மேலே போனால் அந்த ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்காதே, அவ்வளவுதான்.

"மொத தடவை அழுத்தினதுமே உள்ள கம்ப்யூட்டர் எழுதி வெச்சிக்கும். அதுக்கப்புறம் நீ அழுத்துறதெல்லாம் உன் கொழுப்பு" என்பான்.

இந்தக் கட்சியை வைத்துக்கொண்டுதான் தனக்கு ஒரு டாக்டரையும் தேர்ந்தெடுத்தான். வினை அங்கேதான் பிடித்தது.

அவனுக்கு டாக்டர் தேவைப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் லிஃப்டின் எதிர் எடைக்குப் போடும் இரும்புக் கட்டிகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவன், இந்த வருஷம் ஒரே கட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு லிஃப்டின் கூரைமேல் ஏறினவன் கம்பியில் சாய்ந்து தூங்கிப்போனதை யாரோ படம் பிடித்து வேலைக் குரூப்பில் போட்டுவிட்டார்கள். கீழே 'தொங்கும் தோட்டம்' என்று ஒரு வரி வேறு.

அது போகட்டும். வீட்டு விஷயம்தான் பெரிய விஷயம். இரண்டு பேருக்கும் லேட்டான கல்யாணம். இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு முப்பத்தாறு. மூன்று வருஷமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள். அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். "லைட்ட அணைச்சா நீங்களும் சேர்ந்து அணைஞ்சிடுறீங்க" என்று முதல் வருஷம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாம் வருஷம் அதையே சொன்னபோது சிரிக்கவில்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரே டீச்சர் என்று கூப்பிடும், புருஷனும் அப்படித்தான். கற்றுக்கொடுக்கும் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒன்பது வருஷம் அதை மிதித்து மிதித்து, யாராவது அபத்தமாகப் பேசினால் அவள் வலது கால் தானாகவே தரையை அழுத்தும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் அந்தச் சத்தம் கேட்டால் மெக்கானிக் பாதி வாக்கியத்திலேயே நின்றுவிடுவான்.

குழந்தைக்கென்று ஒதுக்கி, இளமஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்த அறையில் இப்போதைக்கு எண்பத்தெட்டு கிலோவில் ஒரு குழந்தை குடியிருந்தது. டீச்சரின் தம்பி. ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவன், பட்டப்பெயர் டம்பிள்ஸ். 'ரெண்டு வாரம் மட்டும்' என்று வந்து பதினாலு மாதம் ஆகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற வார்த்தையை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவனும் அவனே.

"மாமா, இது ஹார்மோன் பிரச்சினை. ஒரு ரத்த டெஸ்ட் குடுங்க, எல்லாம் தெரிஞ்சிடும்."

மெக்கானிக் கொடுத்தான். பத்து மாடி மருத்துவக் கட்டடம் ஒன்றின் இரண்டு லிஃப்டும் அவன் பொறுப்பு. அங்கே கீழ்த்தளத்திலேயே லேப் இருக்கிறது. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டு, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவி முடித்து, மூன்று மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு போய் நீட்டினான். வந்த எண் நூற்றித் தொண்ணூறு. பக்கத்தில் முந்நூறுக்கு மேல் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது.

டம்பிள்ஸ் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி நின்றான். "நூத்தித் தொண்ணூறா! மாமா, எங்க ஜிம்ல இருக்கிற பூனைக்கே இதைவிட ஜாஸ்தி இருக்கும்."

"பூனைக்கு டெஸ்ட் எடுத்தியா மாப்ள?"

"பாத்தாலே தெரியுது மாமா. கவலைய விடுங்க. நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஊசி வெச்சிருக்கார். மூணு போட்டா சிங்கம்."

மேசைக்கு அடியில் டக்கென்று சத்தம். "வீட்டுக்குள்ள யாரும் யாருக்கும் ஊசி போட வேண்டாம். ஒழுங்கா விஷயம் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போங்க" என்றாள் டீச்சர்.

"அந்தக் கவலையே உனக்கு வேண்டாம். அந்தக் கட்டடத்துல இருக்கிற முப்பத்துநாலு டாக்டரையும் ஆறு வருஷமா பாக்கிறேன்" என்றான் மெக்கானிக்.

"வைத்தியத்தையா?"

"லிஃப்ட்ல."

நாலாம் மாடி டாக்டர் மெக்கானிக்கின் கணக்கில் தங்கம். பட்டனை ஒரே தடவை, ஆள்காட்டி விரலால், பூவைத் தொடுகிற மாதிரி தொடுவார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஓடி வருகிறவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொள்வார். கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்களை முதலில் இறங்க விடுவார், இது உலகத்தில் அரிது. போதாததற்கு அவர் அறை வாசலில் 'ஆண்கள் நல மையம்' என்று பெரிதாகப் பலகை.

நேராக அங்கே போனான். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தான். அவர் காகிதத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், தலையை ஆட்டினார், எழுதினார். மருந்தை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தால் முதல் ஊசி. அவ்வளவுதான். மெக்கானிக் மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தான்.

டீச்சர் கேட்டாள்: "என்ன கேட்டார்?"

"பேரு கேட்டார்."

"அப்புறம்?"

"வயசு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடுத்தது யாருன்னு கேட்டார். தெளிவான மனுஷன் டீச்சர். வளவளன்னு பேசல."

"நான் ஒருத்தன் கையில ஸ்டியரிங்கக் குடுக்கிறதுக்கு முன்னாடி, இதுக்கு முன்ன ஓட்டியிருக்கியா, கண்ணாடி போடுவியா, மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா, நேத்து ஒழுங்கா தூங்கினியான்னு அஞ்சு நிமிஷம் கேக்கிறேன். அது வெறும் ரிவர்ஸ் எடுக்கிறதுக்கு. இவர் உங்க உடம்புக்கே சாவி போடப் போறார், பேரும் வயசும் போதுமா?" அவள் கால் தரையைவிட்டு எழவே இல்லை. "என்கிட்ட வண்டி கத்துக்கிற நர்ஸ் ஒருத்தி இருக்கா. ஹார்மோன்னா அந்தக் கட்டடத்துல ஏழாம் மாடி அம்மாதான்னு அடிச்சுச் சொல்றா."

மெக்கானிக் குடித்த தண்ணீர் புரை ஏறியது. "யாரு, அந்தப் பட்டன்காரம்மாவா?"

ஏழாம் மாடி டாக்டரம்மாவை அவனுக்கு நன்றாகவே தெரியும். குட்டையான உருவம், பெரிய கைப்பை, ரப்பர் செருப்பு. லிஃப்ட் முன்னால் வந்து நின்றால் டொக் டொக் டொக் டொக் என்று மரங்கொத்தி மாதிரி. ஆறு வருஷத்தில் ஏழாம் மாடிப் பட்டனை மட்டும் மூன்று தடவை மாற்றியிருக்கிறான். மற்ற ஒன்பது மாடியிலும் ஒரு பட்டன்கூட மாற்றியதில்லை.

"ஒரு லிஃப்ட் வர்ற வரைக்கும் பொறுமை இல்லாத பொம்பள, என் ரத்தத்துக்கு மட்டும் பொறுமையா இருக்குமா?"

"அதெல்லாம் தெரியாது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அங்க பேர் குடுத்துட்டேன். பத்துக்கு அங்க, பதினொண்ணுக்கு உங்க பூ விரல்கிட்ட. நானும் வர்றேன்."

டம்பிள்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, சரக்கு சுத்தம்க்கா. ஒரு சொட்டு நான்..."

டக்.

குப்பி முட்டைக்குப் பக்கத்தில் திரும்பவும் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை அவன் போட்ட திட்டம் எளிமையானது. பத்து மணிக்கு ஏழாம் மாடியில் தலையை ஆட்டிவிட்டு, பதினொன்றுக்கு நாலாம் மாடியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட வேண்டும். குப்பியைத் துணிப்பையில் போட்டு எடுத்தும் வந்திருந்தான்.

ஏழாம் மாடி அறையில் மேசை, மூன்று நாற்காலி, எடை பார்க்கும் மெஷின், சுவரில் ஓடாத ஒரு கடிகாரம். டாக்டரம்மா காகிதத்தை வாங்கினார், எண்ணை ஒரு கண்ணால் பார்த்தார், கவிழ்த்து வைத்துவிட்டார்.

"ரத்தம் எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

"மூணு மணிக்கு மேடம்."

"மத்தியானம் மூணு மணிக்கா! சாப்பிட்டுட்டா?"

"நல்லா சாப்பிட்டுட்டு."

"அப்போ இந்தக் காகிதத்துல பேரு மட்டும்தான் உண்மை. இந்த ஹார்மோன் காலையிலதான் உச்சத்துல இருக்கும், பொழுது ஏற ஏறக் குறையும். சாப்பிட்டா இன்னும் குறையும். வெறும் வயித்துல, காலை எட்டு மணி வாக்குல, வேற வேற நாள்ல ரெண்டு தடவை பாக்கணும். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"எட்டு மணி நேரம் மேடம், அடிச்சுப் போட்ட மாதிரி."

டாக்டரம்மா அவனை விட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "குறட்டை?"

"குறட்டைன்னு சொன்னா அதுக்கே அவமானம் மேடம். கியர் மாத்தத் தெரியாதவன் மேட்டுல ஏறுற மாதிரி. நடுவுல வண்டி நின்னே போயிடும். நான் எண்ணுவேன்... ஏழு, எட்டு, ஒம்பது... அப்புறம் ஒரு உதறு உதறி மறுபடி ஸ்டார்ட் ஆகும்."

"எண்ணுறியா? எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றான் மெக்கானிக்.

"உங்ககிட்ட சொல்லணும்னா நீங்க முழிச்சிருக்கணுமே."

டாக்டரம்மா வேகமாக எழுதினார். கேள்வி மேல் கேள்வி. தலைவலி உண்டா, பார்வை மங்குகிறதா, சின்ன வயதில் அம்மைக்கட்டு வந்து கீழே விதையும் வீங்கியதா, ஜிம்மில் யாராவது மாத்திரையோ பவுடரோ கொடுத்தார்களா. கடைசிக் கேள்விக்குக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குடுக்க ஆள் இருக்கு மேடம், வாங்கல" என்றாள் டீச்சர்.

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "குழந்தை வேணுமா?"

டீச்சரின் கால்கூட அசையவில்லை.

"அதுக்காகத்தான் மேடம் எல்லாமே" என்றான் மெக்கானிக். துணிப்பையிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். "பதினொரு மணிக்கு இதைப் போட்டுக்கிறதா இருக்கேன்."

டாக்டரம்மா குப்பியைப் பார்த்தார், ஓடாத கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதிக் குடுத்தவர் இந்தக் கேள்விய உங்ககிட்ட கேக்கலையா?"

"பேரு கேட்டார்."

"சரி, கேளுங்க. நான் ஊசிக்கு விரோதி இல்ல. எங்கிட்டயே முப்பது பேர் போட்டுக்கிறாங்க. நிஜமாவே தேவைப்படுறவங்களுக்கு நல்ல மருந்து, மனுஷனை எழுப்பி நடக்க வைக்கும். ஆனா உங்க மூளை அடியில ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அதுதான் கீழ இருக்கிற தொழிற்சாலைக்கு 'வேலை செய்'னு ஆர்டர் அனுப்புது. வெளிய இருந்து ஹார்மோனை ஏத்தினா அது என்ன நினைக்கும்? சரக்குதான் வந்துடுச்சேன்னு ஆர்டரையே நிறுத்திடும். தொழிற்சாலை மூடிக்கும். விந்தணு உற்பத்தியும் சேர்ந்து நிக்கும். நீங்க சிங்கம் மாதிரி இருப்பீங்க, ஆனா சிங்கக்குட்டி வராது. ஊசிய விட்ட பிறகு திரும்பி வர மாசக்கணக்கா ஆகும். சில பேருக்கு முழுசா வராமலே போறதும் உண்டு."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அவனுக்குத் தெரிந்த பாஷை.

"ஜம்பர் மேடம்."

"என்னது?"

"கதவு சரியா மூடலைன்னா லிஃப்ட் ஓடாது. சோம்பேறி மெக்கானிக் என்ன பண்ணுவான், கதவைப் பாக்க மாட்டான். ஒரு துண்டு ஒயர எடுத்து ரெண்டு முனையையும் சேத்து விட்டுடுவான். அதுக்குப் பேரு ஜம்பர். கதவு மூடிடுச்சுன்னு பேனல் நம்பிடும், லிஃப்ட் ஜோரா ஓடும். கதவு மட்டும் அப்படியே திறந்து கிடக்கும்." சொல்லிவிட்டு அவனே தன் கையைப் பார்த்துக்கொண்டான். "பதினொரு மணிக்கு எனக்கு நானே ஜம்பர் போட்டுக்கப் பாத்தேன்."

"அருமையாச் சொன்னீங்க. இதை நான் எடுத்துக்கலாமா?" என்று டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதியே வைத்துக்கொண்டார். "நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா?"

"இந்தக் கட்டடமே இவர் பொறுப்புதான் மேடம்" என்றாள் டீச்சர், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ஓஹோ. அந்த ஆள் நீங்கதானா?"

எழுந்தார். "வாங்க" என்று இருவரையும் வெளியே லிஃப்ட் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். "இந்தப் பட்டனை நீங்க அழுத்துங்க. ஒரு தடவை."

மெக்கானிக் ஒரே தடவை, கட்சிக் கொள்கைப்படி அழுத்தினான். பட்டனில் விளக்கு எரியவில்லை. லிஃப்டும் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினான். இல்லை. மூன்று. நான்கு. ஐந்தாவது தடவையில் விளக்கு மினுக்கென்று வந்தது.

"ஆறு வருஷமா இப்படித்தான். கீழ வரவேற்புல இருக்கிற புகார் நோட்டுல பதினொரு தடவை எழுதியிருக்கேன். நீங்க வந்து மூணு தடவை புதுப் பட்டன் போட்டீங்க. ஒரு தடவையாவது அதுக்குப் பின்னால, சுவருக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

பின்னால் பார்க்கவில்லை. புகார் நோட்டு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மரங்கொத்தி கொத்திக் கொத்திப் பட்டன் போய்விட்டது என்று ஒவ்வொரு தடவையும் முடிவு கட்டிக்கொண்டுதான் படியே ஏறியிருக்கிறான். ஆளைப் பார்த்தான், எழுதினான், மாற்றினான்.

"பேரு கேட்டீங்களா?" என்று டீச்சர் காதோரம் கேட்டாள்.

அடுத்த அரை மணி நேரம், ஏழாம் மாடி நோயாளிகள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, திருப்புளியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். பட்டனுக்கு ஒரு குறையும் இல்லை. சுவருக்குள்ளே போகிற ஒயர் முனையில் ஒரு திருகு தளர்ந்து கிடந்தது. முக்கால் சுற்று முறுக்கினான். பதினொரு மணி எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை.

அடுத்த வாரம் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தான். இருநூற்று எழுபத்தைந்து. ஐந்து நாள் கழித்து இன்னொரு தடவை, இருநூற்று அறுபத்தெட்டு. குறைவுதான், ஆனால் பூனைக்குப் பக்கத்தில் இல்லை. மூளையிலிருந்து போகிற ஆர்டர் மந்தமாக இருந்தது. விந்தணு எண்ணிக்கை குறைவு, ஆனால் இருந்தது. தூக்கத்தைப் பரிசோதித்ததில் அவன் மூச்சு மணிக்கு முப்பத்தொரு தடவை நின்று நின்று ஓடியது தெரிந்தது. டாக்டரம்மா மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். மூளையைத் தட்டி எழுப்ப ஒரு மாத்திரை. எட்டு கிலோ குறைக்கச் சொன்னார். குப்பியை அவரே வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஆறு மாசம் பாக்கலாம். அப்பவும் ஏறலைன்னா, குழந்தை விஷயம் முடிஞ்ச பிறகு ஊசியப் பத்திப் பேசலாம். அப்போ நானே போடுறேன், ஒழுங்கா கண்காணிச்சு" என்றார்.

எட்டு கிலோ குறைக்கிற பொறுப்பை டம்பிள்ஸ் எடுத்துக்கொண்டான். ஊசி போனதில் அவனுக்குக் கொஞ்ச நாள் வருத்தம்தான். ஆனால் மாமாவை ஜிம்மில் கண்ணாடி முன்னால் நிறுத்தி "கீழ போங்க, இன்னும் கீழ, அது உட்கார்றது இல்ல மாமா, அது விழறது" என்று கத்துகிற சுகத்தில் அதை மறந்துவிட்டான். மெஷினை மாட்டிக்கொண்டு படுத்தால் மெக்கானிக் யானைக்குட்டி மாதிரி இருந்தான். முதல் நாள் பார்த்துவிட்டு டீச்சர் சிரித்த சிரிப்பில் தும்பிக்கை கழன்றே விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த அறையில் கேட்ட சிரிப்பு. இரண்டு மாதத்தில் இரும்புக் கட்டி மறுபடியும் கைக்கு ஒன்றாக மாடி ஏறியது. நாலு மணித் தூக்கம் நின்றது. லைட்டை அணைத்தால் அவன் அணையவில்லை.

வைத்தியம் ஆரம்பித்த எட்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மெக்கானிக் கீழ்த்தளத்தில் வலது பக்க லிஃப்டின் குழிக்குள் இறங்கி எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே கதவு இடைவெளியில் டீச்சரின் செருப்புத் தெரிந்தது. வகுப்பு நேரம், அவள் இங்கே வர வேண்டிய வேலையே இல்லை.

"ஏறி வாங்க. ஏழாம் மாடிக்குப் போகணும்" என்றாள். கையில் மடித்த காகிதம்.

"என்னாச்சு?"

"ஏறி வாங்கன்னா ஏறி வாங்க!"

ஏறி வந்தான். அவள் காகிதத்தை அவன் முகத்துக்கு நேராக விரித்தாள். கீழ்த்தள லேப்தான். அவன் மூன்று மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நின்ற அதே இடம். இந்தத் தடவை அவள் பெயர். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த 'பாசிட்டிவ்' என்ற ஒற்றை வார்த்தையை அவன் மூன்று தடவை படித்தான்.

இடது பக்க லிஃப்டை நோக்கி இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஓடினார்கள். டீச்சர் பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி. டொக் டொக் டொக்.

"மொத தடவையே பதிவாயிடுச்சு டீச்சர்..."

"கம்முனு இருங்க."

லிஃப்ட் எட்டாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது. அங்கே எந்தப் புண்ணியவானோ கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மெக்கானிக் ஒரு நொடி பொறுத்தான். இரண்டு நொடி பொறுத்தான். பிறகு எண்ணெய்க் கையாலேயே அவனும் அழுத்த ஆரம்பித்தான். டொக் டொக் டொக் டொக்.

இன்னொரு கையால் போனை எடுத்தான்.

"மாப்ள, எங்க இருக்க?"

"ஜிம்ல மாமா. என்ன, மூச்சு வாங்குது? படி ஏறுனீங்களா? வெரி குட்!"

"சாயங்காலத்துக்குள்ள அந்த மஞ்சள் ரூமக் காலி பண்ணு."

மறுமுனையில் ஏதோ கனமான சாமான் கீழே விழுந்த சத்தம். "மாமா! நான் என்ன மாமா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல மாப்ள" என்றான் மெக்கானிக்.